வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு லோகோ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோருக்கு ஒரு ஆலோசகர் சொன்ன யோசனைகளை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். பிள்ளைக்கு இப்போதிருந்தே ஒரு ‘பர்சனல் பிராண்ட்’ வேண்டுமாம், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், யூடியூபில் ஒரு சேனல், பெயருக்கு ஒரு லோகோ, வாரம் தவறாமல் ரீல்ஸ். என் மகளும் வீட்டில்தான் படிக்கிறாள், 14 வயது. அதனால் இதற்கு இரண்டு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இரண்டு வரியில் நிற்காது போலிருக்கிறது.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைக்குச் சாட்சி சொல்ல கிளாஸ் டீச்சர், பி.டி. சார், ரேங்க் கார்டு, டி.சி., போனஃபைடு என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அம்மாவும் அப்பாவும்தான் சாட்சி, பெற்றவள் புகழ்ந்தால் யார் நம்புவார்கள்? கல்யாண வீட்டில் “எந்த ஸ்கூல் கண்ணு?” என்று கேட்பவர்களிடம் “வீட்ல படிக்கிறேன்” என்று இவள் சொன்னால், அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும், அதுவும் குரலைத் தாழ்த்தி, “ஏன், உடம்புக்கு ஏதாச்சும்?” கட்டாயக் கல்விச் சட்டமும் 6 முதல் 14 வயது வரை என்று பேசுகிறதே தவிர, வீட்டில் படிப்பவர்களைப் பற்றித் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. ஆக, இந்தப் பிள்ளை யார், இதற்கு என்ன வரும் என்று வெளி உலகத்துக்குத் தெரிய ஏதாவது ஒரு வழி வேண்டும்தான். அதற்குப் பிள்ளையின் முகத்தை விற்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

எங்களைப் போலவே வீட்டில் படிக்க வைக்கும் ஒரு குடும்பம் எனக்குப் பழக்கம். அவர்கள் பையன் ஆறு வயதில் மழலையில் குறள் சொல்வான், கேட்க அவ்வளவு அழகாக இருக்கும். அவன் அம்மா ஆசையாக ஒரு சேனல் தொடங்கினார், பட்டு வேட்டி, விபூதி, பின்னால் குத்துவிளக்கு, அப்புறம் கேட்க வேண்டுமா, பார்க்கிறவர்கள் ஏறிக்கொண்டே போனார்கள். இப்போது அவனுக்குப் பதின்மூன்று, குரல் உடைந்துவிட்டது, மீசை அரும்புகிறது, சைக்கிளைப் பிரித்துப் போட்டுப் பூட்டுவதைத் தவிர வேறு எதிலும் நாட்டமில்லை. வெளியே போனால் “நீ அந்தக் குறள் தம்பிதானே, ஒண்ணு சொல்லு” என்று கன்னத்தைப் பிடிக்கிறார்கள். அவனோ யாராவது போனைத் தூக்கினாலே எழுந்து உள்ளே போய்விடுகிறான். பழைய வீடியோக்களை எடுத்துவிடச் சொல்லி வீட்டில் தினம் சண்டை, அம்மாவுக்கு எடுக்க மனசில்லை. ஸ்கூல் பிள்ளைக்காவது வீட்டில் ஒரு முகம், வகுப்பில் ஒரு முகம் என்று இருக்கும். இவனுக்கு அம்மாதான் டீச்சர், அம்மாதான் கேமரா. எங்கே போய் ஒளிவான்?

இன்ஸ்டாகிராமும் யூடியூபும்கூட 13 வயதாகாமல் சொந்தக் கணக்கு கூடாது என்றுதான் விதி வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே கணக்கே வைத்திருக்க முடியாது. நம் நாட்டிலும் 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தைதான், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சம்மதம் கொடுக்க வேண்டிய பெற்றோரே அள்ளிக் கொட்டினால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

சரி, வேறு என்னதான் வழி என்றால், என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். மும்பையைச் சேர்ந்த மாளவிகா ராஜ் ஜோஷியைப் பற்றி 2016ல் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, பள்ளியிலிருந்து நின்று வீட்டில் படித்த பெண். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.யில் சேர முடியவில்லை, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட் என்ற கணினி நிரல் போட்டியில் வாங்கிய மூன்று பதக்கங்கள்தான் அவருக்காகப் பேசின. நம் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகமும் அவருக்கு இடம் கொடுத்திருந்தது. எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்குமா என்று கேட்பீர்கள். வாங்காது, என் மகளும் வாங்கமாட்டாள். ஆனால் செய்த வேலையை நாலு வெளியாட்கள் பார்த்து எடைபோட்டிருக்கிறார்கள் இல்லையா, அந்த அளவுக்கு எந்தப் பிள்ளையாலும் முடியும்.

என் மகளுக்குப் பறவைப் பைத்தியம். சிங்காநல்லூர் குளத்துக்கு அவள் அப்பாவோடு விடியற்காலையில் போய்விடுவாள், பார்த்ததை நோட்டில் எழுதி, வீட்டுக்கு வந்து இபேர்டு என்ற தளத்தில் ஏற்றுவாள், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிந்து வைக்கும் இணையதளம் அது. பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்வாள். ஒரு முறை கூழைக்கடா எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகம் என்று அந்தத் தளத்துக்காகப் பட்டியலைச் சரிபார்ப்பவர் ஒருவர் கேள்வி அனுப்பிவிட்டார். எப்படி எண்ணினாய், பறந்து போனவையும் சேர்த்தியா, படம் இருக்கிறதா? இவளுக்கு முதலில் கோபம், அப்புறம் நோட்டைத் திருப்பிப் பார்த்து, கரையை எத்தனை துண்டாகப் பிரித்தாள், எதைப் பத்துப் பத்தாக எண்ணினாள் என்று எழுதிப் படத்தையும் அனுப்பினாள். அவர் ஏற்றுக்கொண்டு ஒரு வரி நன்றியும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்குச் சமமாக ஆயிரம் லைக்கை வைத்தாலும் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். அந்தத் தளத்தில் அவள் முகம் இல்லை, பெயரும் தேதியும் பட்டியலும்தான் இருக்கின்றன. நாளைக்கே பறவை அலுத்துப்போனால் அப்படியே விட்டுவிட்டு நடக்கலாம், யாரும் கன்னத்தைப் பிடிக்கப் போவதில்லை.

செஸ் ஆடும் பிள்ளை என்றால் இன்னும் சுலபம், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங் எந்த ஸ்கூல் என்று கேட்காது. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிகளில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை, ஆனால் சங்கங்கள் நடத்தும் போட்டிகளில் தனியாகவே பெயர் கொடுக்கலாம். தையலோ மிக்சி ரிப்பேரோ எதுவானாலும், சொந்தக்காரர் அல்லாத ஒருவரிடம் கொஞ்ச நாள் வேலை கற்கட்டும், அவர் கையால் அரைப் பக்கம் எழுதி வாங்கி ஃபைலில் போட்டு வையுங்கள். கோணல்மாணலாக வந்த முதல் ஜாக்கெட்டையும் தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் வந்ததன் அருமை அதை வைத்துத்தான் தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்று, அதை எந்த ஆலோசகரும் சொல்வதில்லை: இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், போட்டிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியது. நம் ஊரில் பாதிப் பிள்ளைகள் காகிதத்தில் மூன்று ஆட்களாக வாழ்கிறார்கள். ஸ்கூல் பிள்ளைக்கு டி.சி. என்று கடைசியில் காட்ட ஒன்று இருக்கும், நமக்கு அதுவும் இல்லை. பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுத வழிசெய்யும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குள் ஏதாவது ஒரு எழுத்துமுறையை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே கொடுத்துவிடுங்கள். லோகோவெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பக்கத்தில் ஓவியப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் வெளியாகும் கூப்பனில் பள்ளியின் பெயர், வகுப்பு, தலைமை ஆசிரியர் கையொப்பம், முத்திரை என்று நான்கு கோடுகள் இருக்கின்றன. என் மகள் அதில் ‘வீடு’ என்று எழுதி, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கூழைக்கடா ஓவியம் முழுமையற்ற விண்ணப்பம் என்று திரும்பி வந்துவிட்டது. தலைமை ஆசிரியருக்குப் பதிலாக நூலகரோ வேறு பயிற்சியாளரோ கையெழுத்திட்டாலும் ஏற்போம் என்று அந்தக் கூப்பனில் ஒரு வரி சேர்க்க முடியுமா? அடுத்த போட்டி அறிவிப்புக்கு முன் செய்தால், எங்கள் பகுதி நூலகர் கையெழுத்துப் போடத் தயார் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிங்காநல்லூர், கோவை.