லயத்தில் எத்தனை அடுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சமூக ஆய்வுத் துறையில் வேலை தேடுவோருக்கு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு ஒன்றையே வழியாகக் காட்டியிருந்தது உங்கள் கட்டுரை. அதன் வழியாக ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், நல்லதுதான். ஆனால் அதற்குப் பொதுப் பிரிவில் முதுகலையில் 55 சதவீதமோ நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதமோ வேண்டும். வினாத்தாளும் ஆங்கிலம், இந்தியில்தான். ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்கும் கள ஆய்வு வேலைக்கு, கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பட்டதாரிகளிடம் இப்போதே ஒரு தகுதி இருக்கிறது: தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுவார்கள்.

கேரளத்தில் ஆய்வுக் கேள்விப் படிவம் பெரும்பாலும் மலையாளத்தில் தயாராகும். தோட்டத்து லயங்களுக்காக (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தமிழாக்கும்போதுதான் தகராறு. மலையாளத்தில் 'பனி' காய்ச்சல். 'போன மாதம் பனி இருந்ததா?' என்று எழுத்தை மட்டும் மாற்றிக் கேட்டால், மூணாறில் யார்தான் இல்லை என்பார்கள்? 'அவசரம்' அங்கே வாய்ப்பு, 'சம்சாரம்' பேச்சு. தமிழாக்கிய படிவத்தை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப மலையாளத்தில் எழுத வேண்டும். இரண்டும் ஒட்டாத கேள்வியைத் திருத்தி, பத்துப் பதினைந்து வீட்டில் கேட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது, ஆய்வுக்கான வீடுகளைத் தேர்ந்தெடுக்கப் போடும் குடும்பப் பட்டியல். மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வில், சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். லயத்து வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனியாக உலை வைத்தால் இரண்டு குடும்பம், ரேஷன் அட்டை ஒன்றே ஆனாலும். இரண்டாவது குடும்பம் பட்டியலில் விடுபட்டால் மாதிரிக்குள், அதாவது தேர்வாகும் வீடுகளுக்குள், வரவே வராது.

தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைப் பிடிப்பது அதைவிட மோசம். கொழுந்து பறிக்கப் போனவர்கள் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். பகலில் அகப்படுவது வயதானவர்களும் வேலையற்றவர்களும்; ஊரில் பாதிப் பேருக்கு வேலையே இல்லை என்பதுபோல் கணக்கு வரும். மூன்று முறையாவது போக வேண்டும், அதில் ஒன்று ஞாயிறு.

சேருமுன் சம்பளம் எப்படி என்று கேளுங்கள். படிவத்துக்கு இவ்வளவு என்றால், டீக்கடையில் உட்கார்ந்தே நிரப்பிவிடும் ஆசை வரும். நாள் சம்பளமும் ஜீப் செலவும் எழுத்தில் இருக்கட்டும். நீங்கள் போன வீடுகளில் சிலவற்றுக்குக் கண்காணிப்பாளர் மறுபடி போய்ச் சரிபார்க்கும் குழுவாகப் பாருங்கள். வேலை பழகுவது அங்கேதான்.

களத்தில் இரண்டு வருடம் போனதும் புள்ளிவிவரக் கணக்குக்கான 'ஆர்' மென்பொருள் கற்கலாம், இலவசம். தேசிய மாதிரி ஆய்வின் வீட்டுவாரித் தரவும் அப்படியே. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் தந்திருக்கும் மடங்கெண்ணை (அந்த ஒரு வீடு எத்தனை வீடுகளுக்குப் பதில் நிற்கிறது என்னும் எண்) போடாமல் சதவீதம் எடுத்துவிடாதீர்கள்; புதியவர்கள் சறுக்குவது அங்கேதான்.

இப்படிக்கு,
களஆய்வுக் கண்காணிப்பாளர்கள் சிலர்,
மூணாறு.