அக்காவுக்கு, இஞ்சின் இல்லாத விமானத்தை ஓட்டும் சட்டம் பற்றி

எல்மைரா, நியூயார்க் மாநிலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் பையனும் நல்லா இருப்பீங்கன்னு நம்பறேன். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை மாத்திக் கொடுத்திருக்காங்கன்னு சொன்னியே, தலைசுத்தல் குறைஞ்சுதா? மறக்காம எழுது. போன்ல கேட்டா அம்மா எல்லாத்துக்கும் "நல்லா இருக்கேன்"தான்.

அன்னிக்கு போன்ல நீ கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்ல முடியல. நீ கோவத்துல இருந்தே, எனக்கும் பக்கத்துல ஆளுங்க இருந்தாங்க. "இஞ்சினே இல்லாத பிளேன்ல ஏறுறியாமே, அந்த ஊர்ல கேட்பாரே கிடையாதா?"ன்னு கேட்டே. இருக்காங்க அக்கா. அவங்க கேட்கிறதுக்குப் பதில் சொல்லத்தான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருக்கேன். தாலுகா ஆபீஸ்ல இத்தனை வருஷம் ஃபைல் பார்த்தவ நீ. சட்டத்தைச் சொன்னா அம்மாவைவிட உனக்குச் சீக்கிரம் புரியும், அதனால இந்த நீளக் கடிதம்.

முதல்ல இடம். நான் வேலை பார்க்கிற ஊர்ல இருந்து காரில் வந்தா எல்மைரா. இஞ்சின் இல்லாத இந்த விமானத்துக்கு கிளைடர்னு பேர். அமெரிக்காவின் முதல் தேசிய கிளைடர் போட்டி 1930-ல இங்கதான் நடந்தது. ஹாரிஸ் ஹில்னு ஒரு குன்று இருக்கு. அது மேல ஓடுபாதை, பக்கத்துலயே கிளைடர்களுக்குன்னு ஒரு அருங்காட்சியகம். ஷ்வைட்சர் கம்பெனி இந்த ஊர்ல செஞ்ச 2-33ன்னு ஒரு பழைய ரெண்டு சீட்டு கிளைடர்லதான் நான் கத்துக்கிறேன். முன்னாடி நான், பின்னாடி இன்ஸ்ட்ரக்டர். இஞ்சின் உள்ள ஒரு சின்ன விமானம் கயிறு கட்டி மேல இழுத்துட்டுப் போய் விடும். அப்புறம் நாங்களும் காத்தும்தான்.

விமானப் போக்குவரத்தைப் பார்க்கிறது எஃப்ஏஏன்னு ஒரு மத்திய அமைப்பு. அவங்க விதிகளில் பார்ட் 61, யார் பறக்கலாம்னு சொல்லுது. பார்ட் 91, எப்படிப் பறக்கணும்னு சொல்லுது. விபத்து நடந்தா யாருக்கு எப்போ தகவல் சொல்லணும்கிறது என்டிஎஸ்பின்னு தனி வாரியத்தோட 830-ஆம் பகுதி. எழுத்துத் தேர்வுல 60 கேள்வி, பாஸாக 70 சதவீதம். அதை முடிச்சுட்டேன். இனி எக்ஸாமினர் முன்னாடி வாய்மொழித் தேர்வு, அதோட பறந்து காட்டணும். அங்க தப்பிக்க முடியாது. விதி என்னன்னு மட்டும் கேட்க மாட்டாராம், ஏன் அப்படின்னும் கேட்பாராம்.

மெடிக்கல் விஷயம் சொன்னா நீ நம்பமாட்டே. கிளைடர் ஓட்ட இங்க டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேண்டாம். இஞ்சின் விமானம் ஓட்டறவங்களுக்குத்தான் அந்த அலைச்சல். நம்ம ஊர்ல வேட்டி கட்டத் தெரியும்கிறதுக்குக்கூட கெசட்டட் ஆபீசர் கையெழுத்து கேட்பாங்களோன்னு நாம சிரிச்சிருக்கோமே, இங்க ஆளை மேல அனுப்பறதுக்கு டாக்டர் கையெழுத்தே கிடையாது. ஆனா அதோட விட்டுட்டாங்கன்னு நினைக்காதே. 61.53-ன்னு ஒரு விதி. பத்திரமா ஓட்ட முடியாதபடி உடம்புல ஏதாவது இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சாலோ, தெரிஞ்சிருக்கக் காரணம் இருந்தாலோ, ஓட்டக் கூடாது. அந்த ரெண்டாவது பாதிதான் கத்தி. 'எனக்குத் தெரியாதே'ன்னு பின்னாடி சொல்லித் தப்பிக்க வழி வைக்கல. சளி பிடிச்சு மாத்திரை போட்ட வாரம் ஓடுபாதை ஓரத்துல நின்னு, மத்தவங்க கிளைடர் கிளம்பும்போது சாயாம இறக்கையைப் பிடிச்சு விட்டுட்டுத் திரும்பி வந்தேன். யாரும் என்னைத் தடுக்கல. தடுக்க வேண்டிய ஆள் நான்தான்னு சட்டம் சொல்லுது.

இந்த நாட்டுல எனக்குப் பழகவே நாளான விஷயம் இதுதான் அக்கா. முதல்ல நம்பறாங்க, அப்புறம் கணக்குக் கேட்கிறாங்க. பறந்த நேரத்தை லாக்புக்ல நானே எழுதறேன். அதுல பொய் எழுதினா இருக்கிற லைசென்ஸ்கூட போகும். வீடு மாறினா 30 நாளுக்குள்ள எஃப்ஏஏ-க்கு விலாசம் சொல்லணும், சொல்லலைன்னா அதுக்கப்புறம் பறக்கிற உரிமை இல்ல. குடியுரிமை ஆபீஸ் அதுக்கும் மேல, அவங்களுக்கு 10 நாள்தான். எங்களை மாதிரி வெளியில இருந்து வந்தவங்க ரெண்டு தேதியையும் சேர்த்து ஞாபகம் வெச்சுக்கணும்.

மத்த தகுதிகளை வேகமா சொல்லிடறேன். இங்கிலீஷ் படிக்க, பேச, எழுத, புரிஞ்சுக்கத் தெரியணும். இது சட்டத்துலயே இருக்கு. என் உச்சரிப்பைக் கேட்டு ரேடியோவுல சிலர் திரும்பச் சொல்லச் சொல்வாங்க, சொல்வேன், அவ்வளவுதான். இஞ்சின் விமான அனுபவம் இல்லாத என்னைப் போல ஆளுக்கு, கிளைடர்ல குறைஞ்சது 10 மணி நேரம், அதுக்குள்ள 20 தடவை பறக்கணும். 2 மணி நேரமாவது தனியா பறக்கணும், அதுல 10 தடவை ஏறி இறங்கணும். தேர்வுக்கு முந்தின 2 மாசத்துக்குள்ள இன்ஸ்ட்ரக்டரோட 3 தடவை. தனியா விடறதுக்கு முன்னாடி இன்ஸ்ட்ரக்டரே ஒரு எழுத்துத் தேர்வு வைப்பார். அதுல மார்க் முக்கியமில்ல, தப்பான ஒவ்வொரு பதிலையும் உட்கார வெச்சுப் பேசித் தீர்க்கிற வரைக்கும் விடக் கூடாதுன்னு விதி. எனக்கு இது ரொம்பப் பிடிச்சது.

இப்போ கயிறு. உன் பயம் முழுக்க இதுலதான்னு தெரியும், "அறுந்து போச்சுன்னா?"ன்னு ரெண்டு தடவை கேட்டியே. கேளு, அந்தக் கயிறு ஒரு கட்டத்துல அறுந்தே ஆகணும்னுதான் சட்டம். 91.309. கிளைடர் அதிகபட்சமா எவ்வளவு எடை வரைக்கும் பறக்க அனுமதி உண்டோ, அதுல 80 சதவீதத்துக்குக் குறைவான பாரத்துல கயிறு அறுபடக் கூடாது, ரெண்டு மடங்குக்கு மேல தாங்கவும் கூடாது. 2-33-க்கு அந்த எடை 1,040 பவுண்டு. அப்படின்னா 832-க்கும் 2,080-க்கும் நடுவுல. அதைவிடப் பலமான கயிறுதான் கிடைக்குதுன்னா, ரெண்டு நுனியிலயும் வேணும்னே பலம் குறைஞ்ச இணைப்பைச் சேர்க்கணும். கேட்டப்போ எனக்கும் விசித்திரமா இருந்தது. இன்ஸ்ட்ரக்டர் சொன்ன காரணம் இது: மேல ஏதாவது ஏடாகூடமா இழுபட்டா கிளைடரோட இறக்கையோ, இழுக்கிற விமானத்தோட வாலோ பிய்யறதுக்குள்ள கயிறு பிய்யணும். கயிறு போனா இன்னொண்ணு வாங்கலாம்.

அதனால காலையில முதல் வேலையே கயிறு பார்க்கிறது. சுமார் 200 அடி நீளம், புல்லுல நீட்டிப் போட்டுட்டு, ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் கையால உருவிக்கிட்டே நடப்போம். இழை பிரிஞ்சிருக்கா, வெயில்ல வெளுத்து மொறமொறன்னு ஆயிருக்கா, வளையத்துல கீறல் இருக்கான்னு பார்க்கணும். எல்லாத்தையும்விட முக்கியம் முடிச்சு. கயிறு தரையில புரளும்போது தானாவே முடிச்சு விழும். ஒரு முடிச்சு கயித்தோட பலத்தைப் பாதி வரைக்கும் குறைச்சுடும், அப்போ மேல சொன்ன கணக்கெல்லாம் போச்சு. முடிச்சு கண்டா அவிழ்க்க முயற்சி பண்ணி நேரம் போக்கறதில்ல, அந்தக் கயிறை ஓரமா போட்டுட்டு வேறே எடுக்கறதுதான். ஏறும் முன்னாடி ரெண்டு பைலட்டும் சைகைகளையும், வேகத்தையும், அவசரத்துல யார் என்ன செய்வாங்கங்கிறதையும் பேசி ஒத்துக்கணும், அதுவும் அதே விதியிலேயே இருக்கு. இழுக்கிற விமானம் இறக்கையை மாத்தி மாத்தி ஆட்டினா, கேள்வி கேட்காம உடனே கழட்டிக்கணும். கழட்டினதும் நாங்க வலது பக்கம், இழுத்த விமானம் இடது பக்கம். தாழ்வா இருக்கும்போது கயிறு அறுந்தா எந்த உயரத்துல நேரா இறங்கணும், எந்த உயரத்துல திரும்பலாம்னு ஒவ்வொரு தடவையும் ஏறும்போதே வாய்விட்டுச் சொல்லச் சொல்வார் இன்ஸ்ட்ரக்டர். நான் தமிழ்லயும் மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிக்குவேன்.

மேல போனா வழி விடற சட்டம். தேவனாம்பட்டினத்துல பாய் விரிச்ச தோணிக்கு மோட்டார் போட் ஒதுங்கணும்னு மீனவங்க சொல்வாங்களே, ஆகாயத்துலயும் அதே நியாயம்தான். ஆபத்துல இருக்கிறவருக்கு முதல் வழி. அப்புறம் பலூன், ஏன்னா அதால திரும்பவே முடியாது. அடுத்தது நாங்க. பெரிய விமானமா இருந்தாலும், ஹெலிகாப்டரா இருந்தாலும் கிளைடருக்கு வழி விடணும், எங்களால இன்னொரு சுத்து சுத்தி வர முடியாதுங்கிறதால. ஆனா சட்டம் வழி கொடுத்திருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுப் போறவன் முட்டாள். எதிர்ல வர்றவன் நம்மைப் பார்த்திருக்கணுமே!

இங்க ஒரு சுவாரசியம் உண்டு. நேருக்கு நேர் வந்தா ரெண்டு பேரும் வலது பக்கம் ஒதுங்கணும்னு பார்ட் 91. இந்தக் குன்றுல காத்து மோதி மேல எழும், அந்தச் சரிவு ஓரமாவே கிளைடர்கள் முன்னும் பின்னும் ஓடும். குன்று என் வலது பக்கம் இருந்தா நான் எங்க ஒதுங்கறது? மரத்துக்குள்ளயா? அதனால குன்றை இடது பக்கம் வெச்சிருக்கிறவர் வெளியில விலகிக் கொடுக்கணும்ங்கிறது வழக்கம். எக்ஸாமினருக்கு ரெண்டையும் சொல்லணும்.

மேகத்தைப் பத்தின விதிதான் கிளைடர்காரனுக்கு உண்மையிலேயே வதை. வெயில்ல சூடான நிலத்துல இருந்து காத்து எழும்பி, உச்சியில வெள்ளை மேகமா கட்டும். அந்த மேகத்துக்கு அடியிலதான் நல்ல தூக்கல் இருக்கும், கிட்டப் போகப் போகப் பலமாகும். ஆனா நாங்க பெரும்பாலும் பறக்கிற வான்வெளியில, 10,000 அடிக்குக் கீழே, மேகத்துக்கு 500 அடி கீழேயே நின்னுடணும். மேகத்துக்கு மேலன்னா 1,000 அடி, பக்கவாட்டுல 2,000 அடி தள்ளி. பார்வை 3 மைலாவது தெளிவா இருக்கணும். இலவசமா மேல தூக்கிக்கிட்டே போற காத்துல இருந்து, இறக்கை மேல இருக்கிற ஸ்பாய்லர்ங்கிற தடுப்புப் பலகையைத் திறந்து உயரத்தை வீணாக்கி வெளியே வர மனசு வராது. ஆனா மேகத்துக்குள்ள இருந்து கருவியைப் பார்த்து ஓட்டிக்கிட்டு ஒரு விமானம் திடீர்னு வெளியே வரலாம். நீ அவரையும் அவர் உன்னையும் பார்த்து விலக அந்த 500 அடிதான் அவகாசம். 10,000 அடிக்கு மேல போனா 5 மைல் பார்வை, மேலயும் கீழயும் 1,000 அடி, பக்கத்துல 1 மைல். கீழே இருக்கிற 250 நாட் (மணிக்குச் சுமார் 463 கி.மீ.) வேக வரம்பு அங்க இல்லாததால விமானங்கள் இன்னும் வேகமா வரும். காரணத்தோட படிச்சா எண்கள் தானா நிக்குது. உன் பையன், நம்ம மாப்ளைகிட்ட இதைச் சொல்லு, பிசிக்ஸை மனப்பாடம் பண்றான்னு புலம்பினியே.

ஆக்சிஜன் விதி, குடிச்சா 8 மணி நேரம் பறக்கக் கூடாதுங்கிற விதி இதெல்லாம் இருக்கு. நான் குடிக்கிறதில்லன்னு அம்மாவுக்குத் தெரியும், நீயும் தெரிஞ்சுக்கோ. அவசரம்னு வந்தா, அதைச் சமாளிக்கத் தேவையான அளவுக்கு பார்ட் 91-ல இருக்கிற எந்த விதியையும் மீறலாம்னு 91.3 சொல்லுது. முடிவு எடுக்க வேண்டியது ஓட்டறவன் மட்டும். எஃப்ஏஏ கேட்டா எழுத்துல விளக்கம் கொடுக்கணும். சட்டமே சட்டத்தை மீற அனுமதி எழுதி வெச்சிருக்கிறதை நான் வேற எங்கயும் படிச்சதில்ல. உன் ஆபீஸ்ல இப்படி ஒரு ஜி.ஓ. வந்தா என்ன பண்ணுவீங்கன்னு நினைச்சேன்.

எந்த வயசுல தானும் பறக்கலாம்னு மாப்ளை கேட்டதுக்குப் பதில்: இங்க 14 வயசுல மாணவனா கிளைடர்ல தனியா பறக்கலாம், 16-ல லைசென்ஸ். அங்க இந்திய விமானப் போக்குவரத்தைப் பார்க்கிற டிஜிசிஏ-வோட விதி தனி, இங்க வாங்கினது அங்க நேரா செல்லாது. முதல்ல பத்தாவது முடிக்கட்டும். லாஸ்பேட்டை ஏர்போர்ட் வேலி பக்கத்துல நின்னு விமானம் பார்க்கிறதோட இப்போதைக்கு நிறுத்திக்கச் சொல்லு.

பண்ருட்டி முந்திரி வந்து சேர்ந்தது. பாதியை இங்க கிளைடர் கிளப்புல கொடுத்தேன், ஒரே நாள்ல காலி. அடுத்த தடவை வறுக்காததா அனுப்பு, இங்க வறுத்துக்கிறேன்.

அடுத்த வருஷம் நீயும் மாமாவும் வந்தா உன்னை மேல கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. மாணவனா இருக்கிற வரைக்கும் யாரையும் ஏத்தக் கூடாது, அதனால லைசென்ஸ் வாங்கின பிறகுதான். அப்பவும் முந்தின 90 நாளுக்குள்ள 3 தடவை ஏறி இறங்கியிருந்தாத்தான் உன்னை உட்கார வைக்கலாம். உன்கிட்ட கூலி வாங்கக் கூடாது, ஆனா செலவைப் பங்கு போட்டுக்கலாம். என் பங்கை நான் குறைச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு 61.113 சொல்லுது, ரெண்டு பேர்னா சரிபாதி. உன் பாதியை மாமாகிட்ட இப்பவே சொல்லி வெச்சுடு.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன் அன்புத் தம்பி