ஆண்டறிக்கை 2024–25: படம் எடுக்க வந்தவர்களை முன்வைத்து

நம் வானியல் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார், நிர்வாகக் குழுவில் மாற்றம் இல்லை, ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் வானத்தைப் படம் எடுக்க வந்தவர்கள். செப்டம்பர் கடைசியில் விடியலுக்கு முன் கிழக்கே தெரிந்த சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம்தான் காரணம். கோத்தகிரிப் பக்கம் பாறையில் மொபைலைச் சாய்த்து வைத்து எடுத்த படத்தில்கூட வால் விழுந்திருந்தது. அக்டோபரில் அது மாலை வானத்துக்கு வந்தபோது நமக்கு மழையும் மூடுபனியும்தான்.

வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, எந்த டெலஸ்கோப் வாங்கலாம் என்பது. முதல் ஆண்டு எதையும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். வீட்டில் இருக்கும் கேமராவும் ஆடாத ஒரு டிரைபாடும் போதும். 18 மி.மீ. லென்ஸ் என்றால், சிறிய சென்சார் கேமராவுக்கு அதை ஒன்றரையால் பெருக்கி, 500-ஐ அந்த விடையால் வகுத்தால் சுமார் 18 விநாடி வரும். அதற்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் பூமியின் சுழற்சியில் நட்சத்திரம் கோடாக இழுக்கும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் படம்), இரண்டு விநாடி டைமர், அவ்வளவுதான்.

கெடுவது பெரும்பாலும் ஃபோகஸில். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டுத் திருவாதிரை மாதிரி பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். புள்ளி சுருங்கிச் சுருங்கி, ஓர் இடத்தைத் தாண்டியதும் மறுபடி ஊதும். அந்தச் சுருங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அப்புறம் அதைத் தொடவே கூடாது.

இது கைக்கு வந்தபின் டிராக்கர், அதாவது பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவை மெல்லத் திருப்பும் கருவி. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ டெலஸ்கோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970-ல் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அதை முடித்தார்கள். உதகையின் அட்சரேகை அளவுக்கே, ஏறக்குறைய 11 டிகிரி சரிந்த மலைச்சரிவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அந்த ஓர் அச்சில் திருப்பியே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். நம் டிராக்கரும் அதையேதான் செய்கிறது. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். சிக்கல், துருவ நட்சத்திரமும் இங்கே அதே 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், வடக்கே ஒரு மேடு இருந்தாலே மறைந்துவிடும். அகன்ற லென்ஸுக்குத் திசைகாட்டியும் சாய்வுமானியும் வைத்துத் தோராயமாகப் பொருத்தினால் போதும்.

வடக்கில் இழப்பது தெற்கில் கிடைக்கிறது. விருச்சிகமும் தனுசும், அதாவது பால்வீதியின் நடுப்பகுதி, நமக்கு நல்ல உயரத்தில் வரும். மார்ச்சில் பின்னிரவு, ஜூனில் முன்னிரவு. ஆனால் ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும் என்பதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நம் காலம்.

அந்த மாதங்களின் எதிரி பனி. அரை மணி நேரத்தில் லென்ஸில் ஈரம் படர்ந்து நட்சத்திரங்கள் எல்லாம் மங்கிவிடும், துடைத்தால் கறைதான் மிஞ்சும். பவர் பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டையை முதலிலேயே லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள். கிளம்பும் முன் லென்ஸை மூடி அதே ஐஎஸ்ஓவில், அதே நேர அளவில் இருபது படம் எடுத்து வந்தால் டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருளில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிக் குறைகள், கழியும்.

யாரும் தனியாக எஸ்டேட்டுக்குள்ளோ காட்டோரமோ போக வேண்டாம். காட்டுமாடும் கரடியும் இருட்டில் பக்கத்தில் வரும்வரை தெரியாது. அனுமதி வாங்கிய இடத்தில், கூட்டமாக, சிவப்பு டார்ச்சோடு.

பொதுக்குழு முடிவு செய்ய வேண்டியது ஒன்று. சங்கப் பணத்தில் ஒரு டிராக்கரும் இரண்டு சூடேற்றும் பட்டையும் வாங்கி, முறை வைத்து இரவல் தரலாம் என்பது குழுவின் யோசனை. டிரைபாட் படங்களைக் கொண்டுவந்து காட்டுபவர்களுக்கு முதல் முறை தரலாம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.