குடிநீர் வசதி உண்டு என்று மனை விற்றுவிட்டு மெயின் லைனை இணைக்காமல் விட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
மனை எண் 37-ன் உரிமையாளர்,
சீர்காழி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
மனை விற்பனை நிறுவனம், மயிலாடுதுறை.

பொருள்: லேஅவுட்டின் குடிநீர்க் குழாயை ஊராட்சி மெயின் லைனோடு இணைத்துத் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா,

சீர்காழியிலிருந்து பூம்புகார் போகும் சாலையில் நீங்கள் போட்ட 84 மனை லேஅவுட்டில் 37-ம் மனையை வாங்கி, வீடு கட்டிக் குடியிருக்கிறேன். வீட்டு வாசலில் நீங்கள் பதித்த குடிநீர்க் குழாய் இருக்கிறது. அதில் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. லேஅவுட்டுக்குள் தெருத்தெருவாகக் குழாய் போட்ட நீங்கள், அதை ஊராட்சியின் மெயின் லைனோடு இணைக்கவே இல்லை. மெயின் லைன் சுமார் 600 மீட்டர் தள்ளி, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இடையில் ஒரு பாசன வாய்க்காலும் ஓடுகிறது.

விற்கும்போது நீங்கள் கொடுத்த நோட்டீஸில் "கொள்ளிடம் குடிநீர் வசதியுடன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். ஒப்பந்தத்திலும் தார்ச்சாலை, தெருவிளக்கு ஆகியவற்றோடு குடிநீர்க் குழாயும் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த வேறு மனைகளைவிட உங்கள் மனைக்குச் சதுர அடிக்கு அதிகம் கொடுத்ததே இந்த ஒரு வரிக்காகத்தான். கடலை நெருங்க நெருங்க இந்தப் பக்கம் நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,600 மில்லிகிராம் என்று முடிவு வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரம் 500. வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் 2,000 வரை பரவாயில்லை என்கிறது. அதையும் தாண்டிய தண்ணீரில் பருப்பு வேகவில்லை, புதுக் குழாய்த் திருகுகளில் வெள்ளையாக உப்புப் படிகிறது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். கேன்காரர் வராத நாளில் என் மாமியார் இந்த வயதில் சாலையைக் கடந்து போய், ஊர்ப் பொதுக்குழாயில் குடம் பிடித்து வருகிறார்.

உங்கள் அலுவலகத்தில் கேட்டபோது, "டெபாசிட் கட்டி ஊராட்சியில நீங்களே கனெக்ஷன் வாங்கிக்குங்க மேடம்" என்றார்கள். சரி என்று ஊராட்சிக்கும் போனேன். அங்கே சொன்னது நியாயமாகவே இருந்தது. வீட்டு வாசலில் தண்ணீர் ஓடும் குழாய் இருந்தால், அதிலிருந்து வீட்டுக்கு இணைப்பு கொடுப்பார்கள். டெபாசிட் அதற்குத்தான். ஓடாத குழாய்க்கு டெபாசிட் வாங்கி அவர்கள் என்ன செய்வார்கள்? மெயின் லைனிலிருந்து லேஅவுட் வரைக்கும் கொண்டு வருவது மனை போட்டவரின் வேலை என்றார்கள்.

அது ஏன் உங்கள் வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 84 மனையிலும் வீடு வந்து, வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்து, ஜல் ஜீவன் திட்டம் சொல்கிற மாதிரி ஆளுக்கு 55 லிட்டர் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 18,480 லிட்டர் வேண்டும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி மொத்தமே 30,000 லிட்டர், அதை நம்பி ஏற்கெனவே ஒரு ஊர் இருக்கிறது. அந்தத் தொட்டி தாங்குமா, லேஅவுட்டுக்குத் தனித் தொட்டி வேண்டுமா, எத்தனை அங்குலக் குழாய் போட்டால் கடைசி வீடு வரை அழுத்தம் இருக்கும் என்பதையெல்லாம் பொறியாளர் வந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். லேஅவுட் வரைபடத்தைக் கொடுத்து விண்ணப்பிப்பது, எஸ்டிமேட் வாங்குவது, பணம் கட்டுவது, சாலையைக் கடக்க நெடுஞ்சாலைத்துறையிடமும் வாய்க்காலைக் கடக்க நீர்வளத்துறையிடமும் அனுமதி வாங்குவது எல்லாம் மொத்த மனைக்கும் சேர்த்து ஒரே முறை நடக்க வேண்டியவை. முதலில் வீடு கட்டியவர் என்பதற்காக ஒரு குடும்பம் 600 மீட்டர் குழாயின் செலவைச் சுமக்க முடியாது. அப்படியே சுமந்து கையில் இருந்த காசுக்கு ஒல்லிக் குழாயாகப் போட்டுவிட்டால், பின்னால் வருகிற 83 வீடும் வறண்டு கிடக்கும்.

அப்புறம், உள்ளே நீங்கள் போட்டிருக்கிற குழாயின் லட்சணம். எதிர் மனைக்கு அஸ்திவார மணல் கொண்டு வந்த லாரி தெருமுனையில் திரும்பியபோது சக்கரம் இறங்கியது. தோண்டிப் பார்த்தால், ஜல்லிக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் உங்கள் குழாய் நசுங்கிக் கிடந்தது. சுற்றிலும் மணல் படுகை இல்லை. வயலில் வெட்டிய களிமண்ணையே மேலே தள்ளி மூடியிருக்கிறார்கள். நேற்றுவரை நெல் விளைந்த நஞ்சை இது. கோடையில் வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். மணல் படுகை போட்டு ஒரு மீட்டர் ஆழத்தில் பதித்திருந்தால் லாரிக்கும் மண்ணுக்கும் தாக்குப் பிடித்திருக்கும். லேஅவுட் வாசலில் இருக்கிற வால்வுத் தொட்டியின் மூடியைத் திறந்தும் பார்த்தோம். குழாயின் முனையில் மூடி போட்டு அப்படியே விட்டிருக்கிறீர்கள். அதைத் தாண்டி எதுவும் இல்லை.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊராட்சித் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை, திறந்துவிடுகிற நேரத்தில்தான் வரும். மற்ற நேரத்தில் குழாய் காலியாக இருக்கும்போது, விரிசல் வழியாகத் தெருவில் தேங்கிய மழைநீரும் செப்டிக் டேங்க் கசிவும் உள்ளே இழுக்கப்படும். அதைத்தான் குழந்தைகள் குடிப்பார்கள். ஆகவே இப்போது இருக்கிற குழாயை அப்படியே மெயின் லைனில் மாட்டிவிட்டுக் கணக்கை முடிக்க நாங்கள் சம்மதிக்க மாட்டோம்.

தெருக்களையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று, இனி எங்களுக்குப் பொறுப்பில்லை என்றும் உங்கள் மேலாளர் சொன்னார். நீங்கள் எழுதிக் கொடுத்தது நிலத்தை. தண்ணீர் ஓடும் குழாயை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு, இடம் கையில் கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் வேலையிலோ வசதியிலோ ஒப்பந்தப்படி செய்ய வேண்டியதிலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், கூடுதல் காசு வாங்காமல் 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. எனக்கு அந்த 5 வருடம் முடியவில்லை. குடிநீர் உள்ளிட்ட வசதிகள் எப்போது முடியும் என்ற கால அட்டவணையை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 11(3) சொல்கிறது. எங்களில் யாருக்கும் அது கொடுக்கப்படவில்லை. வசதிகளோடு சேர்த்து மனை விற்பது நுகர்வோர் சட்டத்தின்படி சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

எனக்கு இப்போது அவசரம் வாய்க்காலை நினைத்துத்தான். இது மார்ச் மாதம், வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. படுகைக்கு அடியில் காங்கிரீட் உறைக்குள் குழாயை இறக்கவோ, பாலத்தை ஒட்டி இரும்புக் குழாயில் கொண்டுபோகவோ இதுதான் சமயம். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் இங்கே வந்துவிட்டால் யாரும் வாய்க்காலில் கை வைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. அது விவசாயிகளின் தண்ணீர். அப்புறம் அடுத்த கோடைதான்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் ஊராட்சியிலும் இரண்டு துறைகளிலும் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். எஸ்டிமேட் தொகை முழுவதையும் உங்கள் நிறுவனமே கட்ட வேண்டும். வாய்க்காலைக் கடக்கும் வேலை மே மாதத்துக்குள் முடிய வேண்டும். உள் தெருக் குழாயைத் தோண்டி எடுத்து, சரியான ஆழத்தில் மணல் படுகையில் புதிதாகப் பதியுங்கள். மூடுவதற்கு முன் ஊராட்சிப் பொறியாளர் முன்னிலையில் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்யுங்கள், குளோரின் போட்டுக் கழுவிய பிறகே ஒப்படையுங்கள். சோதனை நடக்கும் நாளை முன்கூட்டியே சொன்னால் குடியிருப்போர் வந்து பார்ப்போம். தண்ணீர் வரும்வரை எல்லா வீட்டுக்கும் லாரியில் குடிநீர் கொடுப்பதும் உங்கள் செலவுதான்.

15 நாளில் ஒப்புகைச் சீட்டு வரவில்லை என்றால், இந்தக் கடிதம், நோட்டீஸ், ஒப்பந்தம், நசுங்கிய குழாயின் புகைப்படம், தண்ணீர்ப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் இணைத்து, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் 31-ம் பிரிவின் கீழ் புகார் கொடுப்போம். என்னோடு குடியிருக்கும் மற்ற வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மனை எண் 37-ன் உரிமையாளர்

நகல்: ஊராட்சித் தலைவர்; வட்டார வளர்ச்சி அலுவலர்