வாங்கும் கன அடி வேறு, விற்கும் கன அடி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலை, ஜன்னல் சட்டம், ரீப்பர், கதவுப் பலகை என்று கட்டுமானத்துக்கான மர உறுப்புகள் செய்து விற்கும் தொழிலைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, என்னென்ன இயந்திரம் வேண்டும் என்பதை நன்றாகவே சொல்லியிருந்தது. லாபக் கணக்கில்தான் கோளாறு. தடி வாங்கிய விலை, அறுப்புக் கூலி, ஆள் கூலி மூன்றையும் கூட்டி விற்பனை விலையிலிருந்து கழித்துவிட்டார்கள். நூறு கன அடி வாங்கினால் நூறு கன அடி விற்றுவிடலாம் என்பது போல இருக்கிறது அந்தக் கணக்கு.

முதலில் அளவு. உருட்டுத் தடியைச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கும் பழைய முறை இன்னும் பல இடங்களில் வழக்கில் உள்ளது. 4 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் 10 கன அடி. அதன் உண்மையான கொள்ளளவோ 12.7 கன அடிக்குச் சற்று மேல். அதாவது இந்த முறை காட்டுவது 78.5 சதவீதம்தான். ஒருவர் “எனக்கு 70 சதவீதம் பலகை தேறுகிறது” என்கிறார், இன்னொருவர் “55தான்” என்கிறார் என்றால், இருவருக்கும் ஒரே அளவு மரம் கிடைத்திருக்கவும் கூடும். முன்னவர் கால்பங்கு முறையிலும் பின்னவர் உண்மைக் கொள்ளளவிலும் கணக்குப் பார்த்திருப்பார்கள். எந்த அளவில் வாங்கினோம் என்று குறிக்காத தேறல் சதவீதத்தை (தடியில் எவ்வளவு பங்கு பலகையாகக் கிடைக்கிறது என்பதை) நம்பி விலை சொல்லக் கூடாது. அறுத்து வரும் மரத்திலும் இதே சிக்கல் உண்டு. வட அமெரிக்காவில் 2×4 என்று விற்கும் இழைத்த சட்டம் உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்தான். பெயரில் உள்ள அளவை வைத்துக் கன அடி போட்டால் கையில் இருப்பது மூன்றில் இரண்டு பங்குதான்.

அடுத்தது வாள். 300 மி.மீ. சதுரமாக்கிய தடியில் 25 மி.மீ. பலகை அறுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அறுப்பிலும் 5 மி.மீ. மரத்தைத் தூளாகத் தின்னும் வட்ட வாளில் 10 பலகை வரும். 2.5 மி.மீ. மட்டும் தின்னும் பேண்ட் சாவில் (நாடா வாளில்) 11 வரும். ஒரு பலகைதானே என்று தோன்றலாம். ஒவ்வொரு தடியிலும் பத்துக்கு ஒன்று என்பது பல பட்டறைகளின் மொத்த லாபத்துக்குச் சமம். ஆனால் மெல்லிய வாளைச் சரியாகச் சாணை பிடித்து இழுவிசையோடு வைக்காவிட்டால் அது அலைந்து அறுக்கும். பலகை ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வரும். இழைக்கும்போது மிச்சப்படுத்தியதெல்லாம் சிராயாகப் போய்விடும்.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிச் சென்ற விஷயம் ஈரம். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் சரக்கில் பெரும்பகுதி இதனால்தான் வருகிறது. ஈர அளவு சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை குழிவதற்கும் சதுரச் சட்டம் சாய்சதுரமாவதற்கும் இந்த வித்தியாசமே காரணம். முழுக்கக் காயும்போது அகலத்தில் 8 சதவீதம் சுருங்கும் மரத்தில் 450 மி.மீ. பேனல் செய்து, அது 18 சதவீத ஈரத்திலிருந்து 12க்கு இறங்கினால் சுமார் 7 மி.மீ. குறையும். பேனலைச் சட்டத்தில் பசை போட்டு இறுக்கியிருந்தால் அது நடுவில் பிளக்காமல் இருக்காது. சட்டத்தில் எடுத்த காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசையின்றி நகர இடம் விட்டே பொருத்த வேண்டும்.

ஈரமானியை முனையில் குத்திப் பார்த்து “12தான்” என்று சொல்வது பரவலான பழக்கம். முனை எப்போதும் முதலில் காயும். முனையிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி, தடிமனில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஊசி இறங்கினால்தான் சராசரி தெரியும். மர வகைக்கேற்ற திருத்தமும் வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு குறுக்குத் துண்டை வெட்டி எடைபோட்டு, 103 டிகிரி செல்சியஸில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 240 கிராம் 200 ஆனால் ஈரம் 20 சதவீதம். குறைந்த 40ஐக் காய்ந்த எடையால் வகுக்க வேண்டும். ஈர எடையால் வகுத்து 16.7 என்று எழுதிச் சரக்கை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

மரம் உலர்த்தும் சூளையில் அவசரப்படுத்தினால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும். உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். பிறகு உட்புறம் சுருங்க முயலும்போது உள்ளுக்குள்ளேயே வெடிக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது, இழைத்தால்தான் தெரியும். நீளவாக்கில் பிளந்தால் இரு பாதியும் வளைந்து வாளைக் கவ்வும். கடைசிக் கட்டத்தில் அறையில் ஈரக்காற்றை ஏற்றி இந்த இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். ஒரு நாள் கூடுதல் என்று இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அடுக்கும்போது பலகைகளுக்கு நடுவே வைக்கும் இடைக்குச்சிகள் ஒரே தடிமனில், ஒன்றின்மேல் ஒன்று நேராக நிற்க வேண்டும். முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசினால் முனை வெடிப்பு வெகுவாகக் குறையும். காய்ந்த மரத்தைத் திறந்தவெளியில் போட்டால் காற்றிலிருந்து மறுபடி ஈரம் ஏறும். 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் மரம் 12 சதவீதம் அளவில் நிலைகொள்ளும். 80 சதவீதத்தில் 16ஐத் தொடும்.

இன்னொரு குழப்பம்: பெட்டி, பேலட் மரத்தில் உள்ள வெப்பச் சிகிச்சை முத்திரை. அது பூச்சியைக் கொல்ல மரத்தின் மையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்ததற்கான அடையாளம். மரம் காய்ந்தது என்பதற்கு அது சான்று ஆகாது.

இனி கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உண்மையளவில் 100 கன அடி தடி, 55 சதவீதம் தேறுகிறது. உலர்த்தலில் சுருக்கமும் வெடிப்பும் 8 சதவீதம், இழைப்பிலும் முடிச்சும் வெள்ளையும் (பட்டையை ஒட்டிய வெளிர் மரமும்) நீக்கி நீளம் வெட்டுவதிலும் 20 சதவீதம் என்று வைத்தால் கைக்கு வருவது சுமார் 40 கன அடி. ஆக, தடி விலை ஒரு கன அடிக்கு இரண்டரை மடங்காகிறது, கூலி இனிமேல்தான். துண்டுகளை விரல் இணைப்பில் (முனைகளை விரல்கள் போல வெட்டிக் கோத்து) ஒட்டினால் கொஞ்சம் மீளும். ஆனால் ஒட்டும் துண்டுகளின் ஈரம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இல்லாவிட்டால் இணைப்பு வாய் பிளக்கும். அடக்கவிலையில் 25 சதவீதம் ஏற்றியவர் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 15 மிஞ்சும் என்று நினைக்கிறார். 125இல் 12.5 போனால் மிஞ்சுவதும் 12.5தான்.

கட்டுரையின் அட்டவணையை மறுபடி வெளியிடும்போது, தேறல் சதவீதத்துக்கு ஒரு பத்தியும், உலர்த்தும் காலத்தில் முடங்கும் பணத்தின் வட்டிக்கு ஒரு பத்தியும் சேர்க்க வேண்டுகிறேன். தடிமன் இரட்டித்தால் காயும் காலம் இரண்டு மடங்குக்கும் மேல் நீளும் என்பதால், நிலைக்கட்டைக்கும் ரீப்பருக்கும் ஒரே வட்டி போட முடியாது.

இப்படிக்கு,
மரத்தொழில் வாசகர்