மூளை சுருங்கிடும்னு எழுதினது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க இணைப்புல வலிப்பு இருக்கிறவங்களுக்கு மூளை சுருங்கிடும்னு கொட்டை எழுத்துல தலைப்பு. எட்டு மணிக்கெல்லாம் நாத்தனார் போன், "அண்ணி, பேப்பர் பாத்தீங்களா"ன்னு. என் பொண்ணுக்கு 19 வயசு, அஞ்சு வருஷமா மாத்திரை சாப்பிடுறா, போன் எதுக்குன்னு நான் சொல்லாமலே அவளுக்குப் புரிஞ்சிடுச்சு.

அவளுக்கு ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி, டீன் ஏஜ்ல ஆரம்பிக்கிற ஒரு வகை வலிப்பு. மொதல்ல வலிப்புன்னே தெரியல, காலையில எந்திரிச்சதும் கை வெடுக்குனு இழுக்கும், பல் தேய்க்கிற பிரஷ் தெறிக்கும், காபி டம்ளர் பறக்கும், தூக்கக் கலக்கத்தைப் பாருன்னு நான் வேற திட்டியிருக்கேன். எம்ஆர்ஐ எடுத்தா நார்மல்.

நீங்க சொன்ன ஆய்வு பொய் இல்ல. 2018-ல வந்த எனிக்மாங்கிற பல நாட்டுக் கூட்டு ஆய்வு, வலிப்பு இருக்கிற 2,149 பேர், இல்லாத 1,727 பேர், எல்லார் ஸ்கேனையும் கம்ப்யூட்டர்ல அளந்து பாத்திருக்காங்க. மூளைக்கு நடுவுல இருக்கிற தலாமஸ்ங்கிற பகுதி கொஞ்சம் சின்னதா இருக்கு, கை கால அசைக்கிற பகுதியில மூளையோட மேல் அடுக்கு கொஞ்சம் மெலிசா இருக்கு, என் பொண்ணு மாதிரி ஸ்கேன் நார்மல்னு வர்ற வகையிலயும் இது இருக்கு. ஆனா இதெல்லாம் கூட்டத்தோட சராசரி சார், ஒருத்தர் ஃபிலிமை லைட்டுல தூக்கிப் பாத்தா கண்ணுக்கே தெரியாத அளவு. ரொம்ப வருஷமா வலிப்பு இருக்கிறவங்களுக்கு சில இடத்துல மெலிவு கூடுதல்னும் போட்டிருக்காங்க, அதை நான் மறைக்கல. அதுக்காக வலிப்பு வந்து சுருக்கிடுச்சுன்னு எப்படி எழுதுவீங்க? அந்த ஆய்வுல ஆளுக்கு ஒரு தடவ எடுத்த ஸ்கேன்தான். ஒரே ஒரு தடவ எடுத்த போட்டோவை வச்சு இந்த ஆள் இளைச்சிட்டாரா இல்ல பொறந்ததுலருந்தே ஒல்லியான்னு யாராலயும் சொல்ல முடியுமா?

வலிப்பைக் காரணம் காட்டி கல்யாணத்தை ரத்து பண்ணலாங்கிறதையே 1999-ல இந்து திருமணச் சட்டத்துலருந்து எடுத்துட்டாங்க. சட்டம் எடுத்துடுச்சு, சொந்தக்காரங்க எடுக்கல, அவங்களுக்குத் தோதா ஒரு தலைப்பு வேற.

இன்னொன்னு, கட்டுரைக்கு மேல ஒரு படம், கீழ விழுந்து கிடக்கிறவர் கையில சாவிக்கொத்தைத் திணிக்கிறாங்க. சாவியால வலிப்பு நிக்காது சார். படம் போட்டே ஆகணும்னா அடுத்த தடவ ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்குக் கீழ துண்டை மடிச்சு வச்சிருக்கிற மாதிரி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை