செவ்வாய்ப் படக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வைத்த செவ்வாய்க் கோளின் படக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. செவ்வாயின் விக்டோரியா பள்ளத்தின் விளிம்பைக் காட்டும், பல படங்களை ஒட்டிச் செய்த இரண்டு மீட்டர் நீள அகலப்படத்துக்கு எங்களைப் பாராட்டியவர்கள் அதிகம். அதில் பெரும்பங்கு வேறு பலருக்குச் சேர வேண்டியது. யார் எதில் உதவினார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம். இதே வேலையில் இறங்குபவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி நாசாவின் கோள் தரவுக் காப்பகமான பி.டி.எஸ்.ஸுக்கு. நாசாவின் ஆப்பர்சூனிட்டி ஊர்தி செவ்வாயில் 2004 ஜனவரியில் தரையிறங்கியது முதல் 2018 ஜூனில் தொடர்பு அறுந்தது வரை எடுத்த படங்களை அங்கே யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் அனலிஸ்ட்ஸ் நோட்புக் என்ற இணையதளத்தில் சோல் எண்ணைப் போட்டால், அன்றைக்கு எந்தக் கேமரா என்ன எடுத்தது என்று வரிசையாகக் காட்டும். சோல் என்றால் செவ்வாயின் ஒரு நாள்: 24 மணி 39 நிமிடம் 35 விநாடி.

“ஜேபெக்கைத் தொடாதீர்கள்” என்று பிடிவாதமாக நின்ற இயற்பியல் ஐயாவுக்கு அடுத்த நன்றி. ஊர்தியிலிருந்து வந்ததும் இணையத்தில் சுடச்சுட வெளியான ஜேபெக் படங்களில் ஒவ்வொன்றின் வெளிச்சமும் தனித்தனியாக இழுத்துவிடப்பட்டிருக்கும். இந்தப் படங்களை எடுத்த பான்கேமோ, இடது கண் வலது கண் என்று இரண்டாக உள்ள கறுப்பு வெள்ளைக் கேமரா. நிற வடிகட்டியை மாற்றி மாற்றி எடுத்த படங்களைச் சேர்த்துத்தான் நிறம் வரும். இடது கண்ணின் எல்4 வடிகட்டி (ஒளியின் அலைநீளம் 601 நானோமீட்டர்) சிவப்புக்கு, எல்5 (535) பச்சைக்கு, எல்6 (482) நீலத்துக்கு. மூன்றுக்கும் இடையிலான விகிதம் கெட்டுவிட்டால் மண் பச்சையடிக்கும். அதற்குப் பிறகு ஃபோட்டோஷாப்பில் எவ்வளவு உருட்டினாலும் அது ஊகம்தான்.

ஆகவே அளவுதிருத்தம் செய்த கோப்புகளையே எடுக்க வேண்டும். ஊர்தியின் முதுகில் இருந்த சூரியக் கடிகாரத்தின் சாம்பல் வளையங்களையும் மூலைகளில் உள்ள நிறச் சில்லுகளையும் படம்பிடித்து, அதை அளவுகோலாக வைத்து அந்தத் திருத்தத்தைச் செய்த கார்னெல் பல்கலைக்கழகக் குழுவினருக்கும் எங்கள் வணக்கம். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தக் கோப்புகளில் இருக்கும் எண்ணை அப்படியே பயன்படுத்தக்கூடாது. லேபிளில், அதாவது கோப்போடு வரும் விவரக்குறிப்பில், ஒரு பெருக்கல் எண்ணும் ஒரு கூட்டல் எண்ணும் இருக்கும். அவை படத்துக்குப் படம் மாறும். அதை விட்டுவிட்டால் ஜேபெக்கில் பட்ட பாடுதான் இங்கும்.

வேண்டிய கோப்புகளைப் பொறுக்கும் நிரலை எழுதிக் கொடுத்தவர் படிவம் ஐந்து மாணவி ஒருவர். மூலக் கோப்பின் பெயரில் 27 எழுத்துகள். முதல் எழுத்து 1 என்றால் ஆப்பர்சூனிட்டி, 2 என்றால் அதன் இரட்டை ஊர்தியான ஸ்பிரிட். 12 முதல் 14 வரை படத்தின் வகை: இ.எஃப்.எஃப். முழுப் படம், இ.டி.எச். தபால்தலை அளவு மாதிரி. 24 எந்தக் கண், 25 எந்த வடிகட்டி. இந்த நான்கையும் பார்த்தாலே குப்பையில் பாதி போய்விடும். படம் ஒழுங்காகத் திறக்காமல் வரிக்குதிரைக் கோடுகளாகத் தெரிந்தால் பைட் வரிசை தலைகீழ் என்று அர்த்தம். 16 பிட் எண்ணில் பெரிய பைட் முதலில் வரும் என்று நிரலுக்குச் சொல்ல வேண்டும். இதைச் சட்டென்று கண்டுபிடித்துச் சொன்ன கணினிக் கடைத் தம்பிக்கும் நன்றி.

படங்களை ஒட்டும் வேலையில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஐயா இல்லையென்றால் நாங்கள் இல்லை. ஊர்தி இறங்கிய மெரிடியானி சமவெளியின் மணலில், படங்களை ஒட்டும் ஹக்கின் மென்பொருளுக்குப் பொதுப்புள்ளிகள் (இரண்டு படத்திலும் தெரியும் ஒரே இடங்கள்) கிடைக்காது. அலை அலையான மணல் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் லேபிளில் உள்ள திசைக்கோணத்தையும் ஏற்றக்கோணத்தையும் நேரடியாகக் கொடுத்து, படத்தின் அகலம் 16 பாகை என்று பூட்டிவிட வேண்டும். லேபிளில் கோணங்கள் இரண்டு தடவை வரும்: ஊர்தியை வைத்து ஒரு முறை, தரையை வைத்து ஒரு முறை. ஊர்தி சாய்ந்து நிற்கும்போது முதலாவதை எடுத்தால் தொடுவானம் பாம்பு மாதிரி நெளியும். இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். இடது கண், வலது கண் படங்களைக் கலக்கவும் கூடாது; இரண்டுக்கும் 30 செ.மீ. இடைவெளி, பக்கத்துப் பாறை இரட்டையாகிவிடும். நிழல் ஓரத்தில் வரும் நிறக்கோட்டை மட்டும் நாங்கள் திருத்தவில்லை. வடிகட்டி மாறும் நேரத்தில் நிழல் நகர்ந்திருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

லெபோ பாசார் பக்கத்து அச்சகத்து அண்ணன், வானம் படிப்படியாகப் பட்டை கட்டுவதைச் சோதனை அச்சிலேயே பார்த்து, 8 பிட் வேண்டாம், நிறப்படிகள் அதிகமுள்ள 16 பிட் டிஃப் கோப்பு கொடுங்கள் என்றார். அளவுதிருத்தம் செய்த படம் நேர்விகிதத்தில் இருப்பதால் காமா (நடுத்தர வெளிச்சத்தைத் தூக்கும் திருத்தம்) ஏற்றாமல் அச்சடித்தால் இருட்டாகத்தான் விழும். அதையும் பொறுமையாகச் சரிபார்த்தார். மண்டபம் தந்த பள்ளி வாரியத்துக்கும், வந்தவர்களைப் பசியாற வைத்த சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கும் நன்றி.

கோப்புகள் வேண்டுவோர் பென்டிரைவோடு வரலாம். முழுப் படம் ஒன்று 2 எம்.பி.; பத்து ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் மூன்று வடிகட்டி, மொத்தம் 60 எம்.பி.தான். எங்கே காட்சிக்கு வைத்தாலும் கீழே நாசா, ஜே.பி.எல். (நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம்), கார்னெல் என்று மூன்று பெயரையும் போட்டுவிடுங்கள்.

நன்றியுடன்,
படக் கண்காட்சிக் குழுவினர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு